குடிலுக்கு வந்து சேராத நட்சத்திரம்

அன்புள்ள ஜெரால்டுக்கு,

நலம் என்று முதல் வரியில் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறதாம், அதனால் உன் அம்மா என் காபியைக் கஷாயம் மாதிரி போட்டுத் தருகிறாள். வீட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் இந்தக் கடிதம் நலம் விசாரிக்க எழுதுவது அல்ல. போனில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உன் நம்பரைப் போட்டேன். நீ "சொல்லுப்பா" என்றாய். நான் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். என் தைரியம் அவ்வளவுதான். எழுதினால் நடுவில் நீ பேச மாட்டாய், நானும் போனை வேறு யாரிடமும் கொடுக்க முடியாது. அதனால்தான் கிழக்கு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரகடம் பக்கம் வரப்போகிற புதுக் கம்பெனியில் உன்னை டெஸ்ட் டெக்னீஷியனாகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் உன் அம்மா கோயிலுக்கு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு ஓடினாள். நீ இன்னும் பதில் போடவில்லை, மாதக் கடைசிக்குள் போட வேண்டும். ஓசூரில் அட்டைப்பெட்டிகளை எண்ணிக்கொண்டு ஸ்டோர்ஸ் வேலையிலேயே இருந்துவிடுகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறாய். ஏன் என்று கேட்டதற்கு நீ சொன்ன பதிலை அவள் என்னிடம் அப்படியே ஒப்பித்தாள். "நான் செய்யறது எதுவும் நிக்காதும்மா. அப்பாவுக்கே தெரியும்." இதைச் சொல்லிவிட்டு நீ வேறு பேச்சுக்குப் போய்விட்டாயாம். என்னால் போக முடியவில்லை. உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், ஜெரால்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் நீ அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. தெரிந்த பிறகு வேலை வேண்டாம் என்றாலும் சரி, இந்த அப்பனே வேண்டாம் என்றாலும் சரி, கேட்க எனக்கு வாய் கிடையாது.

அம்மா ஓசூருக்கு வந்து உன்னோடு தங்கியிருந்தபோது உன் துணிகளை மடித்து வைக்கப் பெட்டியைத் திறந்தாளாம். மூடியின் உள்பக்கம் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததாம். ஓரம் சுருண்டு, நிறம் வெளுத்துப்போய், ஆனால் எழுத்து மட்டும் நன்றாகத் தெரிந்ததாம். உன்னிடம் ஒன்றும் கேட்காமல் மூடிவிட்டாள். ஊருக்கு வந்து, அரிசி களைந்துகொண்டே, பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி என்னிடம் சொன்னாள். அந்த ஸ்டிக்கரை நீ எப்போதோ கிழித்துப் போட்டிருப்பாய் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வேலை உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் அந்த வேலையிலிருந்துதான் வந்தது. டி.வி. பெட்டிக்குப் போகிற போர்டுகள் ஈயக் குளியல் முடிந்து வெளியே வரும்போது என் மேஜைக்கு வரும். டச்சப் செக்‌ஷன். பெரிய லென்ஸ் விளக்குக்குக் கீழே போர்டைத் திருப்பிப் பிடித்து, துருத்திக்கொண்டிருக்கும் கம்பிக் கால்களைக் கட்டரால் நறுக்க வேண்டும், இரண்டு புள்ளிகளை ஒட்டிக்கொண்டிருக்கும் ஈயத்தைப் பிரிக்க வேண்டும். சரி செய்ய முடியாததற்கு, ரிஜெக்ட் என்று அச்சடித்த சிவப்பு ஸ்டிக்கர். அடிப்பக்கத்தில் ஈயப் புள்ளிகளைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். எட்டு மணி நேரம் இதையே பார்க்கிறவனுக்குக் கண் கெட்டுப்போய்விடும். எது துருத்திக்கொண்டிருக்கிறதோ அது தப்பு என்று தோன்றும். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க முடியாது.

அந்த ஸ்டிக்கர் சுருள் ஒன்று எப்போதும் என் சட்டைப் பையில் கிடக்கும். கம்பெனிச் சாமான் வெளியே போகக் கூடாது, அது வேறு கதை. நம் வீட்டில் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. அம்மா தோசையைக் கருக்கினால் தட்டில் ஒரு ஸ்டிக்கர். உன் கணக்குப் பரீட்சைப் பேப்பரில் ஒன்று. நான் ஞாயிற்றுக்கிழமை மதியம் குறட்டை விட்டுத் தூங்கியபோது அம்மா என் நெற்றியில் ஒன்று ஒட்டிவிட்டாள்; பால்காரர் வந்து கூப்பிட்டபோது நான் அதோடேயே எழுந்து போய்ப் பேச, நீங்கள் இரண்டு பேரும் கதவுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அப்போதெல்லாம் அது சிரிப்பதற்கான சாமானாகத்தான் இருந்தது. அதனால்தான் பின்னால் நான் செய்ததை இன்னும் மோசம் என்கிறேன். நம் வீட்டுச் சிரிப்பையே எடுத்து உன்மேல் ஒட்டினேன்.

பாலிடெக்னிக்கில் சேர்ந்த இரண்டாம் வருஷம் நீ எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பஸ் முழுக்க நின்றுகொண்டே போனோம், செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வந்தபோதுதான் உனக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்தது. எழுந்து எனக்குக் கொடுத்தாய். அந்தத் தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த கடையில் நீ 555 என்றும் 4017 என்றும் ஐ.சி. கேட்டபோது, கடைக்காரர் என்னைப் பார்க்காமல் உன்னைப் பார்த்துப் பேசினார். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அப்போதே பத்து வருஷமாகப் போர்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன், கால் முளைத்த பூச்சி மாதிரி இருக்கும் அந்தக் கருப்பு ஐ.சி.கள் உள்ளே என்ன செய்கின்றன என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். "இந்த 555 மணி அடிக்கிற ஆளுப்பா. டக் டக்னு அடிச்சிக்கினே இருப்பான். அந்த 4017 ஒவ்வொரு மணிக்கும் அடுத்த ஆள எழுப்புவான். பத்து ஆளுங்க வரிசையா நிக்கிறாங்க, ஒருத்தன் எழுந்தா முன்னாடி இருந்தவன் படுத்துக்குவான்." அப்படி ஒவ்வொன்றாக விளக்கு எரிந்து அணைந்து போனால் வெளிச்சம் ஓடுவது மாதிரித் தெரியும் என்றாய். எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிகிற மாதிரி யாரும் எதையும் அதற்கு முன் சொன்னதில்லை.

அந்த டிசம்பரில், நம் தெருக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துக்குக் கிறிஸ்துமஸ் குடில் போடும் வேலை வந்தது. நம் கோயில் பங்கிலே ஒவ்வொரு அன்பியமும் தனித்தனியாகக் குடில் போட்டு, இருபத்துநாலாம் தேதி சாயந்திரம் ஃபாதர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து பரிசு சொல்வார். மற்றவர்கள் எல்லாம் சீரியல் பல்பை வைக்கோல் மேல் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நீ வேறு மாதிரி யோசித்தாய். நீலம் பூசிய தெர்மாகோல் வானத்தில் பத்து மஞ்சள் எல்.ஈ.டி. சொருகினாய். பாலனைப் பார்க்க வருகிற மூன்று ராஜாக்களும் நிற்கிற மூலையில் ஆரம்பித்து, நட்சத்திரம் ஒவ்வோர் இடமாக நகர்ந்து வந்து, கடைசியில் மாட்டுக் கொட்டகைக்கு மேலே நின்றுவிட வேண்டும். ஓடிக்கொண்டே இருக்கிற விளக்கை யார் வேண்டுமானாலும் செய்வான், நிற்க வைப்பதுதான் வேலை என்றாய். பத்தாவது விளக்கு எரிந்ததும் அதிலிருந்தே ஒரு கம்பி போய் எண்ணுவதை நிறுத்திவிடும் என்று காட்டினாய். பட்டனை அமுக்கினால் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதல் விளக்கிலிருந்து திரும்பப் புறப்படும். நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அது முதன்முதலாக நடந்து வந்து நின்றபோது அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அப்போது நீ இன்னொன்றும் சொன்னாய். அந்தப் பட்டன் வருகிற கால் இருக்கிறதே, அதைச் சும்மா விட்டுவிடக் கூடாது, ஒரு ரெசிஸ்டர் போட்டுக் கீழே, கிரவுண்டில், கட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் போகிற கரண்டு, ஆள், எது வந்தாலும் பட்டனை அமுக்கியதாக நினைத்துக்கொள்ளும் என்றாய். நான் தலையாட்டினேன். டி.வி.யில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அவுட்டானான், நான் அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன்.

உன் குடிலைப் பற்றி நான் கம்பெனியில் பேசாத ஆள் இல்லை. கேன்டீனில் பேசினேன், கம்பெனி பஸ்ஸில் பேசினேன். கடைசியில் எங்கள் லைன் சூப்பர்வைசரையே குடும்பத்தோடு குடில் பார்க்க வரச் சொன்னேன். அவர் மனசு வைத்தால் டிப்ளமோ முடித்ததும் உன்னை டிரெய்னியாக எடுத்துக்கொள்வார் என்று எனக்குள் ஒரு கணக்கு. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் போர்டைக் கையில் கொடுத்தாலும் முதலில் திருப்பி அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்.

அந்தச் சாயந்திரத்தை நீ மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கோயில் பக்கத்துக் கொட்டகையில் நம் குடிலுக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம். நீ புதுச் சட்டை போட்டிருந்தாய், கிளிப்பச்சை. ஃபாதர் வந்து நின்றார், சூப்பர்வைசர் அவருக்குப் பக்கத்தில் நின்றார், நீ பட்டனை அமுக்கினாய். நட்சத்திரம் இரண்டு எட்டு வைத்தது, திரும்ப ராஜாக்களிடமே போய்விட்டது. மறுபடி ஓர் எட்டு, மறுபடி திரும்பியது. நீ குனிந்து, போர்டு இருந்த பெட்டிக்கு மேலே கைவைத்துப் பார்த்தாய், அது அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது. ஃபாதர் சிரித்துக்கொண்டு, ராஜாக்களுக்கு இன்னும் புறப்பட மனசில்லை போலிருக்கிறது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் சிரிக்கவில்லை, ஆனால் சூப்பர்வைசரும் சிரித்தார். நான் உதவி செய்கிற மாதிரி கிட்ட வந்தேன். நீ என்னையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பா, நீ கொஞ்சம் தள்ளி நில்லேன். நீ கிட்ட வந்தா இன்னும் கெட்டுப்போவுது" என்றாய்.

அதை நீ எதற்காகச் சொன்னாய் என்று இன்று எனக்குத் தெரிகிறது. நீ கண்ணால் பார்த்ததைச் சொன்னாய். அன்று எனக்கு, ஊர் முன்னாலும் சூப்பர்வைசர் முன்னாலும் மகன் அப்பனைத் தள்ளிப் போகச் சொல்கிறான் என்றுதான் காதில் விழுந்தது. பெட்டியைக் கழற்றிப் பார்க்கிறேன் என்றாய். ஃபாதர் நிற்கும்போது கழற்றாதே என்று அதட்டினேன். "காலைல கூட ஓடிச்சுப்பா. யாரோ இதுல கை வெச்சிருக்காங்க" என்றாய். நான் சூப்பர்வைசரைப் பார்த்துச் சிரித்தேன். "லைன்ல எல்லாப் பயலும் இதைத்தான் சார் சொல்றான். என் ஷிஃப்ட்ல நல்லா இருந்திச்சுனு." சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஸ்டிக்கரை எடுத்து உரித்தேன். பெட்டியில் ஒட்டப்போகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் உன் புதுச் சட்டையில், நெஞ்சில் ஒட்டினேன். ரிஜெக்ட்.

நீ அழவில்லை. ஸ்டிக்கரைப் பிய்க்கவும் இல்லை. அதோடேயே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தாய். உன் அம்மா மட்டும்தான் அங்கே சிரிக்காத ஆள். ராத்திரிப் பூசைக்கு நீ வரவில்லை, அவள் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "தோசையும் புள்ளையும் உனக்கு ஒண்ணா?" நான் விளையாட்டுக்குச் செய்தேன் என்றேன். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு முந்திக்கொள்ளும், கோபம் போனதும் விளையாட்டு என்பேன். அந்தப் பழக்கம் உன்னிடம் வரவில்லை. அதற்காக நான் சாமிக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். பசங்கள் உன்னை ஸ்டார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சால்டரிங் கம்பியை நீ தொடவில்லை. கடைசி வருஷ ப்ராஜெக்டில் மற்றவர்கள் செய்ததற்கு நீ எழுதிக்கொடுத்தாயே தவிர, கையால் எதையும் செய்யவில்லை என்று உன் வாத்தியார் என்னிடம் படப்பை பஸ் ஸ்டாண்டில் சொன்னார். நன்றாக வருவான் என்று நினைத்தோம், என்னமோ விட்டுவிட்டான் என்றார். நான் ஆமாம் சார், இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

இனிமேல் வருவதுதான் உனக்குத் தெரியாதது.

இருபத்துநாலாம் தேதி காலையில் நீயும் அம்மாவும் வைக்கோல் வாங்கப் போயிருந்தீர்கள். போர்டு மேஜைமேல் பேப்பர் விரித்து வைத்திருந்தது. பெட்டியில் திருகி வைத்துவிடலாம், பிள்ளைக்கு ஒரு வேலை மிச்சம் என்று எடுத்தேன். எடுத்ததும் கை தானாக அதைத் திருப்பியது. அடிப்பக்கத்தில், மேலே இடம் இல்லாததால், நீ ஒரு ரெசிஸ்டரைக் குறுக்காக வைத்துப் பற்றவைத்திருந்தாய். பழுப்பு, கருப்பு, ஆரஞ்சுக் கோடு போட்ட சின்ன ரெசிஸ்டர். துருத்திக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் இதைத் திருப்பிப் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்தேன். அடிப்பக்கத்தில் பாகமா என்பார், உன் பையனுக்கு நீ இதைக்கூடச் சொல்லித்தரவில்லையா என்பார். ஒரு கால் கிரவுண்டில் இருந்தது. கிரவுண்டுக்குப் போவது என்ன பெரிதாகச் செய்துவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கட்டரை எடுத்து இரண்டு காலையும் நறுக்கினேன். போர்டு பளிச்சென்று இருந்தது. ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை, டச்சப்பில் நாங்கள் ஓட்டிப் பார்ப்பதில்லை, அது அடுத்த மேஜைக்காரன் வேலை. நறுக்கியதை லைனில் மேஜைமேல் போடக் கூடாது, டப்பாவில் போட வேண்டும். வீட்டில் டப்பா இல்லாததால் சட்டைப் பையில் போட்டேன். போர்டைக் கவிழ்த்துப் பெட்டிக்குள் திருகிவிட்டேன். நான் திருகி மட்டும் வைத்தேன் என்று நினைத்துக்கொண்டு, கொட்டகைக்கு ஓடின அவசரத்தில் நீயும் ஓட்டிப் பார்க்கவில்லை.

யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று நீ சொன்னாயே, அந்த யாரோ நான்தான்.

இதோடு முடிந்திருந்தால் அறியாமல் செய்த பிழை என்று நான் தப்பித்திருப்பேன். முடியவில்லை, ஜெரால்டு. நீ அதைச் சொன்னபோது நான் ஸ்டிக்கருக்காகப் பைக்குள் கையை விட்டேன். விரலில் முதலில் தட்டுப்பட்டது அந்த ரெசிஸ்டர்தான். கிரிக்கெட் பார்த்துக்கொண்டு தலையாட்டினேனே, நீ அன்று சொன்னதெல்லாம் அந்த நிமிஷத்தில் வரிசையாக ஞாபகம் வந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் ஸ்டிக்கரை உரித்தேன். இரண்டையும் ஒரே பையிலிருந்து எடுத்திருக்கலாம், நான் ஒன்றை மட்டும் எடுத்தேன். சூப்பர்வைசர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கை தப்பு செய்தது என்று அவர் முன்னால் சொல்வதைவிட உன் கையைக் குற்றம் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. இதற்கு மேல் இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்த அன்று நீ என்னிடம் வந்து கேட்டாய், அந்தப் பெட்டி எங்கே என்று. அன்றைக்கும் ஒரு வழி திறந்துதான் இருந்தது. திறந்து பார்த்திருந்தால் அடிப்பக்கத்தில் நறுக்கின இரண்டு காலையும் நீ ஒரு நொடியில் பார்த்திருப்பாய். வைக்கோலோடு குப்பைக்குப் போய்விட்டது என்றேன். நீ சரி என்றாய். பெட்டி அப்போது, விளக்கு ஒயர்களோடு, பரண்மேல், கிறிஸ்துமஸ் ஸ்டார் வைக்கிற அட்டைப்பெட்டிக்கு அடியில் இருந்தது. இத்தனை வருஷமும் அங்கேயேதான் இருந்தது. ஒவ்வொரு டிசம்பரிலும் ஸ்டாரை நான்தான் இறக்குவேன், வேறு யாரையும் ஏணியில் ஏற விட மாட்டேன். அப்பாவுக்கு வயசானாலும் சுறுசுறுப்பு என்று நீகூட ஒரு தடவை சொன்னாய். ஈஸ்டருக்கு ஈஸ்டர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு வருவேன். இதைத் தனியாக எடுத்துச் சொன்னதில்லை. சொன்னால் போய் மகனிடம் சொல் என்பார்கள்.

நீ போனில் அம்மாவிடம் சொன்னதைக் கேட்ட பிறகு வந்த லீவு நாளில் பெட்டியை இறக்கினேன். தூசி தட்டி, திருகைக் கழற்றினேன். அந்த ரெசிஸ்டரையும் நான் தூக்கிப் போடவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஷேவிங் டப்பாவில் பிளேடுகளோடு கிடந்தது. கால் இரண்டும் குட்டையாகிவிட்டதால் கம்பித் துண்டு வைத்து நீட்டி, நீ வைத்த அதே இடத்தில், அதே மாதிரி குறுக்காகப் பற்றவைத்தேன். அடிப்பக்கத்தில்தான். ஈயம் கொஞ்சம் வழிந்துவிட்டது, நல்ல டச்சப் ஆள் பார்த்தால் திட்டுவான். அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள், பெட்டியை அடையாளம் கண்டுகொண்டாள். நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இத்தினி வருசமா இத வூட்லயே வெச்சிக்கினு, அவன் மூஞ்சியப் பாத்து எப்பிடி சோறு துன்ன நீ?" என்றாள். பிறகு, நான் சொல்ல மாட்டேன், நீயே எழுது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. காபி மட்டும் வருகிறது.

ஜெரால்டு, ஊருக்கு வா என்று கூப்பிட இதை எழுதவில்லை. அம்மாவுக்கு நீ பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும், எனக்கும்தான், ஆனால் அதைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை. ஓசூர் பிடித்திருந்தால் அங்கேயே இரு. இரவு ஷிஃப்ட் பிடிக்கவில்லை, சம்பளம் போதவில்லை, அப்பன் இருக்கிற ஊருக்கு வரப் பிடிக்கவில்லை, எந்தக் காரணத்துக்காக வேண்டுமானாலும் அந்த வேலையை வேண்டாம் என்று எழுது. நான் செய்வது நிற்காது என்பதற்காக மட்டும் எழுதாதே. அந்தக் காரணத்தை உனக்குள் வைத்தவன் நான், அது பொய் என்று தெரிந்தே வைத்தேன். ஒருவேளை நீ அந்த வேலைக்குப் போனால் உன் கையிலும் ஒரு ஸ்டிக்கர் சுருளைக் கொடுப்பார்கள். யாராவது ஒரு பெண்பிள்ளை, தெற்கேயிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறவள், காலையில் நன்றாக ஓடியது சார் என்று உன்னிடம் சொல்வாள். அப்போது சிரிக்காதே. போர்டைத் திருப்பிப் பார், உனக்கு முன்னால் அதில் யார் கை வைத்தது என்று கேள். என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள உனக்கு வேறு புத்திமதி எதுவும் இல்லை.

உன் பெட்டி மூடியில் இருக்கிற அந்த ஸ்டிக்கரைக் கிழித்து எறிந்துவிடாதே. பக்குவமாகப் பிரித்து, ஒரு கவரில் போட்டு எனக்கு அனுப்பு. அதில் இன்ஸ்பெக்டர் நம்பர் எழுத ஓர் இடம் இருக்கும், அன்று நான் அதை எழுதவில்லை. அது யாருடைய சரக்கோ அவனிடம் வந்து சேரட்டும். என் பீரோவில் ஒட்டிக்கொள்கிறேன்.

பெட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புதுப் பேட்டரி போட்டு, பத்து விளக்கையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாகப் பரப்பிப் பட்டனை அமுக்கினேன். நட்சத்திரம் ராஜாக்கள் இருந்த மூலையிலிருந்து புறப்பட்டது. நடுவில் எங்கும் தயங்கவில்லை. கடைசி விளக்குக்கு வந்து நின்றது. டியூப் லைட்டைப் போட்டேன், மிக்ஸியை ஓட்டினேன், கிட்டப் போய்க் கையை அதன்மேல் வைத்தேன், அசையவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினேன், ஒவ்வொரு தடவையும் வந்து நின்றது. உன் டிசைனில் ஒரு தப்பும் இல்லை, ஜெரால்டு. அன்றைக்கும் இல்லை. நான் அதில் புதிதாக எதையும் சேர்க்கவில்லை, வெட்டியதை மட்டும்தான் திரும்ப வைத்தேன்.

உன் அப்பா